மேசை விரிப்பு: சொல்லும் தையலும்

டேபிள் கிளாத் என்பதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் மூன்று சொற்கள் கைக்கு வரும்: மேசை உறை, மேசைத்துணி, மேசை விரிப்பு. உறை என்பது ஒன்றை உள்ளே நுழைத்து மூடுவது. தலையணைக்கும் கத்திக்கும் பொருந்தும், மேசைக்குப் பொருந்தாது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டில் மேசைத்துணி கேட்டுப் பாருங்கள், மேசை துடைக்கிற துணியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆகவே மேசை விரிப்புதான் சரி. படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களோடும் அது சேர்ந்து போகிறது.

இதில் மேசை போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் மேஸா, அதற்கு மூலம் லத்தீன் மென்ஸா. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். காவிரி டெல்டாவில் அவர்களுடைய ஊர் நாகப்பட்டினம். 16ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்கள், 1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும் வரை அந்தத் துறைமுகத்தை வைத்திருந்தார்கள்.

மேசை ‘மிசை’யிலிருந்து பிறந்த தமிழ்ச் சொல்லே என்று சொல்பவர்களும் உண்டு. மிசை என்றால் மேல். மிசைதல் என்றால் உண்ணுதல், குறளில் ‘மிச்சில் மிசைவான்’ என்று வருவது அதுதான். மேலே வைத்து உண்ணும் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா என்று தோன்றும். ஆனால் சிங்களத்தில் மேசய, மலாய் மொழியில் மேஜா என்று போர்த்துக்கீசியர் போன இடங்களில் எல்லாம் இதே சொல் இருக்கிறதே! ஒலியும் காட்டிக்கொடுக்கிறது. மேஸாவின் நடு ஒலி நம் ஸகரம் போல் அல்ல, தொண்டை அதிர ஜகரத்துக்குப் பக்கத்தில் ஒலிக்கும். நம் வாயில் மேஜை என்று வருவது அதனால்தான். மேஜை தவறு என்று பிள்ளைகளைத் திருத்த வேண்டியதில்லை. சொல்லை மாற்றவும் வேண்டாம் என்பது என் கருத்து. நாற்காலியை நாமே ஆக்கிக்கொண்டோம், மேசையை வாங்கிக்கொண்டோம், இரண்டும் ஒரே கூடத்தில்தான் கிடக்கின்றன.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். போர்த்துக்கீசிய மொழியில் துண்டுக்கும் மேசை விரிப்புக்கும் ஒரே சொல், தொவால்யா. அதுதான் நம்மிடம் துவாலை ஆயிற்று. மேசையையும் எடுத்துக்கொண்டோம், துவாலையையும் எடுத்துக்கொண்டோம், ஆனால் துவாலையை மேசைமேல் போடவில்லை.

போடாததற்குக் காரணம் உண்டு. தரையில் இலை போட்டு உண்ட நாடு இது. ஆனால் உணவின் கீழ் ஒன்றை விரிப்பது நமக்குப் புதிதல்ல. உட்கார நீளமாக விரித்தது பந்திப்பாய். உணவுக்கென்று விரித்த துணிக்குப் பழைய பெயர் என்ன தெரியுமா? பாவாடை. பாவுதல் என்றால் பரப்புதல், தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர் வந்ததும் அப்படித்தான். பெரியவர்கள் நடந்து வர விரிப்பது நடைபாவாடை. பெருமாள் கோயில்களில் அன்னத்தைப் பரப்பிக் குவித்துப் படைப்பதைத் திருப்பாவாடை என்று இன்றும் சொல்கிறார்கள். பொருள் மட்டும் பார்த்தால் டேபிள் கிளாத்துக்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் இல்லை. ஆனால் இன்று பாவாடை இடுப்பில் கட்டுவது என்றாகிவிட்டது, திரும்ப இழுக்க முடியாது. அதே பொருளை விரிப்பு ஏந்திக்கொள்ளட்டும்.

தையலும் சாப்பாட்டோடு பழைய உறவு கொண்டதுதான். ஆலிலையையும் மந்தாரை இலையையும் ஈர்க்கு குத்திச் சேர்த்ததைத் தையல் இலை என்றுதானே சொல்கிறோம்! துணி தைப்பவருக்கு முன்பு துன்னகாரர் என்று பெயர், புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் அவர்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

சரி, வீட்டில் தைப்பவர்களுக்கு இன்னும் மூன்று சொற்கள் வேண்டும்: தொங்கல், கரை, ஓர மடிப்பு. மேசை விளிம்புக்குக் கீழே இறங்கும் பகுதி தொங்கல். நெசவிலேயே முடிந்து வரும், பிரியாத விளிம்பு கரை. வெட்டிய விளிம்பை மடித்துத் தைப்பது ஓர மடிப்பு, ஓரம் அடிப்பது என்பதும் அதுவே.

இந்த மூன்றும் ஒரு 4 முழ வேட்டியில் விளங்கிவிடும். நீளம் 2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 79 அங்குலம், அகலம் ஏறக்குறைய 50 அங்குலம். உங்கள் மேசை 48க்கு 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அகலவாட்டில் 20 அங்குலம் மிஞ்சும், பக்கத்துக்கு 10 அங்குலத் தொங்கல். அந்த இரண்டு பக்கமும் கரை இருப்பதால் ஊசியே படவேண்டாம், வண்ணக் கரை நேராக மேசையின் நீளத்துக்கு ஓடும். மற்ற இரண்டு பக்கமும் அதே தொங்கல் வேண்டுமானால் 48 உடன் 20, மடிப்புக்கு 3, ஆக 71 அங்குலத்தில் வெட்டலாம். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும், கஞ்சியும் போகும். அப்புறம் வெட்டிய ஓரத்தை அரை அங்குலம், அதன்மேல் 1 அங்குலம் மடித்து, இஸ்திரி போட்டு, உள்விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டினால் போதும்.

தானில், அதாவது கடைத் துணிச் சுருளில், நான்கு பக்கமும் வெட்டி எடுத்த துணி என்றால் நான்கு பக்கமும் ஓர மடிப்பு வரும், மூலையில் துணி தடித்துக்கொள்ளும். இஸ்திரி போட்ட 1 அங்குல மடிப்பை மூலையில் மட்டும் பிரியுங்கள். இரு மடிப்புத் தடங்களும் சந்திக்கும் புள்ளி வழியாக மூலையைச் சாய்வாக உள்ளே மடித்து, கால் அங்குலம் விட்டு முனையை வெட்டுங்கள். மறுபடி இரண்டு பக்கத்தையும் மடித்தால் சாய்கோட்டில் இரண்டும் கச்சிதமாகச் சேரும். வட்ட மேசைக்கு மூலை வேலை இல்லை. ஆனால் ஓர மடிப்பு கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், வளைவில் அகல மடிப்பு சுருக்கம் விழும்.