குளிர்காலத்தில் முட்டை வேண்டுமா? அடை வைக்கும் தேதியைப் பாருங்கள்

பகல் சுருங்க ஆரம்பித்ததும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: “டாக்டர், கோழி நல்லாத்தான் தின்னுது, முட்டை மட்டும் வைக்கவே மாட்டேங்குது. என்ன நோய்?”

டிசம்பரில் ஒரு பண்ணைக்குப் போனேன். விடைக்கோழி (முட்டைக்கு வராத இளங்கோழி) ஒன்றைப் பிடித்து மடியில் வைத்துப் பார்த்தேன். கொண்டை சிறுத்து வெளுத்திருந்தது. வாலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. முட்டையிடும் கோழிக்கு அங்கே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும். பேன் இல்லை, எச்சம் சரியாக இருந்தது, எடையும் குறையவில்லை.

“எப்போ பொரிச்ச குஞ்சும்மா?”

“ஜூன் கடைசியில டாக்டர்.”

நோய் எதுவும் இல்லை, பொரித்த தேதிதான் தவறு. அதற்குள் அவர் இரண்டு பாட்டில் டானிக் வாங்கிக் கொடுத்து முடித்திருந்தார். அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

வெளிச்சம் கோழியின் கண்ணுக்கு மட்டும் போவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளும் போகிறது. அங்கிருந்து வரும் ஹார்மோன்கள்தான் சினைப்பையை எழுப்புகின்றன. பகல் 14 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நன்றாக முட்டையிடும். வளரும் பருவம் முழுக்கப் பகல் குறைந்துகொண்டே வந்தால், முதல் முட்டை தள்ளிப்போகும்; சில கோழிகள் பகல் மறுபடி நீளும்வரை காத்திருக்கும். ஆனால் பகல் ரொம்பச் சுருங்குவதற்கு முன்பே முட்டைக்கு வந்துவிட்ட இளங்கோழி, சற்றுக் குறைவாகவாவது குளிர்காலம் முழுக்க இட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். வட அரைக்கோளத்தில் அக்டோபர் தொடக்கத்தில் முட்டை வர வேண்டும் என்று வையுங்கள். ரோட் ஐலண்ட் ரெட் போன்ற கனத்த இனத்துக்கு முட்டைக்கு வர ஏறக்குறைய 26 வாரம், அடைக்கு 21 நாள். மார்ச் இரண்டாம் வாரத்திலேயே அடை வைத்தாக வேண்டும். லெகார்ன் போன்ற லேசான இனம் 21 வாரத்தில் வந்துவிடும். அதற்கு ஏப்ரல் நடுப்பகுதி போதும். தென் அரைக்கோளத்தில் இதையே ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்.

“அப்படியானால் ஜனவரியிலேயே பொரித்துவிடலாமே?” என்பார்கள். வேண்டாம். அந்தக் குஞ்சுகள் கோடையிலேயே முட்டைக்கு வந்து, பகல் குறையும்போது பெரிய கோழிகளைப் போலவே இறகு உதிர்க்கப் பார்க்கும். இறகு முளைப்பதற்குப் புரதம் ஏராளமாக வேண்டும். உடம்பு அதற்கே செலவழிக்கும், முட்டை நின்றுவிடும். ஒரு வயது தாண்டிய கோழிகள் குளிர்காலத்தில் கைவிடுவதும் இதனால்தான். அதனால் ஆண்டுதோறும் ஒரு தொகுதி இளங்கோழிகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள் என்பேன்.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது. 50 டிகிரி அட்சரேகையில் பகல் கோடையில் 16 மணி நேரத்திலிருந்து குளிர்காலத்தில் 8 மணி நேரத்துக்கு இறங்குகிறது. 10 டிகிரியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டாது. அங்கே பொரிப்பு மாதத்தை முடிவு செய்வதில் வெயிலுக்கும் தீவனத்துக்கும்தான் முக்கிய இடம்.

தாமதமாகப் பொரித்துவிட்டீர்களா? விளக்கு உதவும், ஆனால் அவசரப்படாதீர்கள். உடல் முதிராத கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் முட்டை சிறுத்து வரும், முட்டைக் குழாய் வெளியே பிதுங்கவும் கூடும். முட்டைக்கோழித் தீவனத்தையும் முன்கூட்டியே போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயது வந்த பிறகு வெளிச்சத்தை வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி 14 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். கூட்டியதை நடுவில் குறைக்கக் கூடாது. டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள், கையால் போட்டால் மறந்துபோகும்.

கூட்டும் நேரத்தை விடியற்காலையிலேயே வையுங்கள். இரவில் பல்பு சட்டென்று அணைந்தால், கோழிகளுக்குக் கம்பில் ஏறி அடைய நேரம் கிடைக்காது. இருட்டில் தரையிலேயே ஒண்டி உட்கார்ந்துவிடும்.