பெயின்டர் கையில் எந்த ஃபான்ட்?

ஃபிளெக்ஸுக்குத் தப்பிப் பிழைத்த பெயின்ட் போர்டுகள் சென்னையின் பழைய கடைத்தெருக்களில் இன்னும் உண்டு. எழுதியவர் ஏதாவது ஃபான்ட்டை மனதில் வைத்திருந்தாரா என்று கண்டுபிடிக்க, முதலில் இரண்டு முறை வரும் எழுத்தைத் தேடுங்கள். 'தையல் நிலையம்' என்றால் இரண்டு 'ய' கிடைக்கும். அச்சில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. கையெழுத்தில் இரண்டாவது 'ய' கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், பலகை முடியப்போகிறதே! (ஸ்டென்சில் வெட்டி அடித்த எழுத்துக்கு இந்தச் சோதனை செல்லாது.)

அடுத்து கோட்டின் முனை. தட்டைப் பிரஷ் எந்தத் திசையில் போகிறதோ, அதற்குச் செங்குத்தாகத்தான் கோட்டை முடிக்கும். 1957இல் வந்த ஹெல்வெட்டிகா ஃபான்ட்டிலோ ஆங்கில 'எஸ்' எழுத்தின் இரு முனைகளும் தரைக்கு இணையாக வெட்டப்பட்டிருக்கும். அதை அப்படியே கொண்டுவர, பிரஷ் நுனியால் திரும்ப வந்து முனையைச் சீவ வேண்டும். கூலிக்கு எழுதுகிறவருக்கு அவ்வளவு நேரம் ஏது? முனையைச் சாய்வாகவே விட்டுவிடுவார். பார்க்கிற நமக்கு அது ஏரியல் என்ற இன்னொரு ஃபான்ட் மாதிரித் தெரியும், ஏனென்றால் ஏரியலின் முனைகளே சாய்வுதான். இந்த இடத்தில் 'ஆர்' எழுத்தின் காலைப் பாருங்கள். ஹெல்வெட்டிகாவில் அது வளைந்து ஏறக்குறைய நேராக இறங்கும். ஏரியலில் சரிந்து நீளும். இரண்டையும் எழுத ஒரே உழைப்பு என்பதால் பெயின்டர் அதை மாற்ற மாட்டார். தவிர, ஏரியல் பிறந்ததே 1982இல். அதற்கு முந்தைய போர்டில் அதைத் தேடிப் பயனில்லை.

கூப்பர் பிளாக் எளிதில் மாட்டும். சிகாகோவில் கைப்பட எழுத்து வரைந்து பிழைத்த ஆஸ்வால்ட் கூப்பர் 1922இல் தந்த ஃபான்ட் அது. கொழுத்த உடம்பு, கூர்மையே இல்லாத மூலைகள். எனாமல் பெயின்ட்டுக்கு வாகானது. ஆனால் 'ஓ'வின் உள் ஓட்டை இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக நின்றால் அது வெறும் தடித்த எழுத்து, கூப்பர் அல்ல.

தமிழில் வேறொரு தடயம் இருக்கிறது. பெரியார் 1935இலிருந்து தன் ஏட்டில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. 'லை', 'னை' உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவம் போயிற்று. அச்சகத்துக்குச் சிக்கல் இல்லை, பழைய அச்சை ஒதுக்கிவிட்டு இருக்கிற அச்சுகளையே சேர்த்துக் கோத்தால் போதும். பெயின்டருக்கோ பழகிய கையை மாற்றுவதுதான் பாடு. ஆகவே யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கோடு வைத்த பழைய 'லை'யைக் கண்டதும் போர்டு 1978க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிட முடியாது. எழுதியவர் அதற்கு முன்பே தொழில் பழகியவர் என்பதற்குத்தான் அது சாட்சி.