உங்கள் எதிரொலி பண்ருட்டியில் பிறக்கிறது

கடலூரில் கல்லூரிப் பேராசிரியராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மழை விடுமுறை நாட்களில் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். சில நாள் நான் பேசுவது எனக்கே கொஞ்சம் தாமதமாகத் திரும்பிக் கேட்கிறது. லேப்டாப்பை மாற்றிப் பார்த்தேன், புது மைக் வாங்கினேன், சரியாகவில்லை. என்ன கோளாறு?"

கோளாறு உங்களிடம் இல்லை. பண்ருட்டியிலோ நெல்லிக்குப்பத்திலோ வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கிற மாணவர் ஒருவரின் போனில் இருக்கிறது. தன் குரல் தனக்கே திரும்பி வந்தால், பெரும்பாலும் பழுது எதிர்முனையில்தான்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை கொட்டியது. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே விடுமுறை அறிவிப்பும், பின்னாலேயே வாட்ஸ்அப்பில் மீட்டிங் லிங்க்கும் வந்துவிடுகின்றன. பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைதூரக் கல்வி நடத்துகிறது. தபாலில் வந்த பாடத்தைப் படிக்கலாம், பாதியில் நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது. வீடியோ வகுப்பில் முடியும். அதைச் சாத்தியமாக்குவது கேமராவை விட எதிரொலியை நீக்கும் கணக்குதான் என்பேன்.

ஒலி எப்படிப் போகிறது என்பது தெரிந்த கதை. மைக்கில் விழும் ஒலியை விநாடிக்கு 16,000 முறையோ அதற்கு மேலோ அளந்து எண்களாக்கி, சுருக்கி, 20 மில்லிவிநாடித் துண்டுகளாக இணையத்தில் அனுப்புகிறார்கள். ரொம்பத் தாமதமாக வரும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பண்ருட்டிக் கூடத்துக்கு வருவோம். மாணவரின் போன் ஸ்பீக்கரில் பேராசிரியரின் குரல் வருகிறது. அது நேராகப் பக்கத்திலேயே இருக்கும் மைக்குக்குள் போகிறது. மேசையில் பட்டும் போகிறது. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதி, ஆறு மீட்டர் பயணம் செய்து, சுமார் 18 மில்லிவிநாடி கழித்துப் போகிறது. சிமென்ட் தரை, இரும்பு பீரோ, ஓட்டுக்கூரை எல்லாம் ஆளுக்கொரு பங்கு சேர்க்கின்றன. மைக் பிடித்ததை அப்படியே அனுப்பினால், பேராசிரியருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும்.

தான் எந்த ஒலியை வெளியிட்டோம் என்பது போனுக்குத் தெரியும். அதை மைக் ஒலியிலிருந்து கழித்துவிடலாமே? நேரடியாகக் கழித்தால் சரிவராது. மைக்குக்கு வந்து சேர்வது அந்தக் கூடம் உருமாற்றிய குரல். ஆகவே கூடத்தின் குணம் முதலில் தெரிய வேண்டும். அதை யாரும் போனுக்குச் சொல்வதில்லை. தானே கண்டுபிடிக்கிறது!

200 மில்லிவிநாடி வரையிலான எதிரொலியைச் சமாளிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 16,000 அளவுகள் என்றால் 3,200 எண்கள் தேவை. இத்தனை கணம் முன்னால் ஒலித்தது இப்போது எவ்வளவு பலமாக வந்து சேரும் என்பதை ஒவ்வொரு எண்ணும் சொல்கிறது. தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம். போன் அந்த எண்களை வைத்து எதிரொலியை ஊகிக்கும், மைக் ஒலியிலிருந்து கழிக்கும். மாணவர் பேசாமல் இருந்தால் மிச்சம் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் ஊகம் தப்பு. உடனே அந்த மிச்சத்தை, ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய பழைய ஒலி அளவோடு பெருக்கிப் பார்க்கும். விடை நேர்க்குறி என்றால் அந்த எண்ணைத் துளி கூட்டும், எதிர்க்குறி என்றால் துளி குறைக்கும். பிறகு மறுபடி ஊகம், மறுபடி கழித்தல். மிருதங்கக்காரர் ஒவ்வொரு கண்ணாகத் தட்டி, காதுகொடுத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் தட்டிச் சுருதி சேர்ப்பது போலத்தான். இந்த விதியை 1960இல் அமெரிக்காவில் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் உருவாக்கினார்கள்.

ஓரிரு விநாடிகளில் நடப்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம். பூஜ்யமாகக் கிடந்த வரிசையில் கூடத்தின் உருவம் எழும்புகிறது. 282ஆவது எண்ணை ஒட்டி ஒரு மேடு தெரிந்தால், அதுதான் மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவர். சுவரைப் பார்க்காமல், பேராசிரியரின் பாடத்தை மட்டும் கேட்டு, சுவர் இருக்கும் தூரத்தைப் போன் அறிந்துகொள்கிறது. மாணவர் போனை நகர்த்தி வைத்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். நேரடியாகச் செய்தால் விநாடிக்குப் பத்துக் கோடிப் பெருக்கல். ஒலியை வெவ்வேறு அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே கணிதத்தின் குறுக்குவழியில் அதைப் பெருமளவு குறைத்துவிடுகிறார்கள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் சிக்கல். மிச்சத்தில் மாணவரின் குரலும் கலந்திருப்பதால், அதைத் தப்பு என்று எண்ணித் திருத்தினால் கற்றதெல்லாம் கெட்டுப்போகும். ஆகவே அப்போது கற்பதை நிறுத்திவைக்கும். மலிவான ஸ்பீக்கரின் கரகரப்பு இந்தக் கணக்குக்குள் அடங்காது என்பதால், மிஞ்சியதை அமுக்க இன்னொரு கட்டமும் உண்டு. அதில் மாணவரின் குரலும் சேர்ந்து அமுங்கலாம். "சார், ஒரு டவுட்" என்றால் "டவுட்" மட்டும் வந்து சேரும். கேள்வி கேட்டுவிட்டு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனால், பதில் சொல்லும் பிள்ளையின் குரலை நாமே அமுக்குகிறோம். ஆசிரியர்கள் இரண்டு மூன்று விநாடி நிறுத்த வேண்டும்.

இந்த உத்தி தொலைபேசிக்காகப் பிறந்தது. 36,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் எதிரொலி அரை விநாடி கழித்து வந்து பேச்சையே குலைத்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் இதைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் மன் மோகன் சோந்தி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். 1967இல் தன் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஒரு தொலைபேசி நிறுவனம் கணித ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கியதால் அது நடந்தது. நம் நாடு இன்றும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. இது எனக்குத் தீராத ஆதங்கம்.

சரி, வாசகரின் எதிரொலிக்கு வருவோம். ஒரே அறையில் இரண்டு பேர் தனித்தனிப் போனில் வகுப்பில் இருக்கலாம். ஒவ்வொரு போனுக்கும் தன் ஸ்பீக்கர் வெளியிடுவது மட்டுமே தெரியும். பக்கத்துப் போன் சற்று முந்திக்கொண்டு ஒலித்தால் கழிக்க வழியில்லை. புளூடூத் ஸ்பீக்கராகவும் இருக்கலாம். அதன் தாமதம் கூடிக் குறைந்தால் கற்ற எண்கள் பொருந்தாமல் போகும். எல்லோரையும் ம்யூட் செய்யுங்கள், எதிரொலி நிற்கும். பிறகு ஒவ்வொருவராகத் திறந்துகொண்டே பேசுங்கள். யாரைத் திறந்ததும் உங்கள் குரல் திரும்பி வருகிறதோ, அவரிடமும், அதே அறையில் இன்னொரு போனில் வகுப்பு கேட்பவர் இருந்தால் அவரிடமும், சாதாரண இயர்போனைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லோரும் மைக்கைத் திறந்தே வைத்திருக்கலாம்.