200ம் 50ம் சேந்தா 250 ஆகாது: ரெண்டு லைன் ரவுட்டர் உள்ள என்ன நடக்குது

நவம்பர் கடைசின்னா எங்க ஆஃபீஸ்ல மூச்சு விட நேரம் இருக்காது. பெங்களூரு அல்சூர்ல ஒரு மாடில இருக்குற சின்ன டிசைன் ஆஃபீஸ், பன்னெண்டு சிஸ்டம், நெட்டுக்கு ரெண்டு கம்பெனி லைன், ஒண்ணு 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட் வேகம்), இன்னொண்ணு 50, ரெண்டும் ஒரே ரவுட்டர்ல வந்து சேரும், முக்கால்வாசி வேலை காலண்டரும் டைரியும்தான், டிசைன் இங்க, பிரிண்டிங் சிவகாசில, அதனால தினமும் சாயங்காலம் ஃபைனல் ஃபைல் எல்லாம் இங்கருந்து பிரஸ்ஸுக்கு அப்லோட் ஆகணும், ஒவ்வொண்ணும் ஒரு ஜிபி ரெண்டு ஜிபின்னு இருக்கும். சரியா நாலு மணிக்கு மேல நெட் படுத்துரும். அக்கௌண்ட்ஸ் பாக்குற அக்கா பேங்க் சைட்ல ஓடிபி போட்டு உள்ள போன அடுத்த நிமிஷமே வெளிய தள்ளிரும், வீடியோ கால்ல ஆளுங்க சிலையா நிப்பாங்க, ஆனா ஸ்பீடு டெஸ்ட் போட்டா நம்பர் நல்லாத்தான் காட்டும். ஓனர் திருநெல்வேலி பக்கம், நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம், அவரு ஒருநாள் என் டேபிள் பக்கத்துல வந்து நின்னுட்டாரு. "தம்பி, ரெண்டு கம்பெனிக்கும் மாசாமாசம் பில்லு கட்டுதோம், 200ம் 50ம் சேந்தா 250 வரணும்லா, பொறவு எதுக்கு இப்படி சுத்திக்கிட்டே நிக்குது?"

அவர் கேட்டதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. ரெண்டு லைன் போட்ட நிறைய ஆஃபீஸ்ல இதே கணக்குதான் போடுறாங்க, அந்தக் கணக்கு ஏன் வரலன்னு புரிஞ்சிட்டா பாதி பிரச்சனைய நீங்களே கண்டுபிடிச்சிரலாம்.

அண்ணாச்சிக்கு நான் சொன்னது பார்சல் உதாரணம். ஒரு காலண்டரோட 12 தாளையும் சிவகாசிக்கு அனுப்பணும், ரெண்டு பார்சல் சர்வீஸ் இருக்கு, ஒண்ணு வேகம் ஒண்ணு மெதுவு. ஜனவரி இதுல, பிப்ரவரி அதுல, மார்ச் இதுல, ஏப்ரல் அதுலன்னு மாத்தி மாத்திப் போட்டா என்ன ஆகும், அங்க வாங்குறவருக்கு ஜனவரி, மார்ச், மே, ஜூலைன்னு வந்து சேரும், பிப்ரவரிய காணோம்னு நெனச்சு திரும்ப அனுப்புன்னு ஃபோன் போடுவாரு, நாமளும் அனுப்புவோம், அதுக்குள்ள பழைய பிப்ரவரியும் போய்ச் சேரும். நெட்ல ஃபைல பாக்கெட்ங்கிற சின்னச் சின்ன துண்டா வெட்டிக் கொண்டு போற டிசிபிங்கிற விதிமுறையும் கிட்டத்தட்ட இதேதான் பண்ணுது. நடுவுல ஒரு பாக்கெட்ட காணோம்னு ஒரே பதில் மூணு தடவ திரும்பி வந்தா, அனுப்புற சிஸ்டம் அந்தப் பாக்கெட் தொலைஞ்சிருச்சுன்னு முடிவு பண்ணி திரும்ப அனுப்பும், அதோட வழியில நெரிசல்னு நெனச்சு தன் வேகத்தையும் பெரிய அளவுல குறைச்சிக்கும். அதாவது பாக்கெட் பாக்கெட்டா பிரிச்சா வேகம் கூடாது, குறையும்.

இன்னொரு தடையும் இருக்கு, அது இதவிட பெருசு. ரெண்டு லைனுக்கும் வெளிய தெரியுற ஐபி அட்ரஸ், அதாவது நெட்ல நம்ம முகவரி, வேற வேற. ஒரு கனெக்ஷனுக்கு அடையாளமே நம்ம ஐபி, நம்ம போர்ட் (எந்த ப்ரோக்ராமுக்குன்னு சொல்ற நம்பர்), அவங்க ஐபி, அவங்க போர்ட், என்ன ப்ரோட்டோகால், அதாவது டிசிபி மாதிரி எந்த விதிமுறைங்கிற அஞ்சும்தான். பாதி பார்சல்ல அனுப்புனர் அட்ரஸ் வேறயா இருந்தா சிவகாசிக்காரர் இது யாரு அனுப்புனதுன்னு ஓரமா வெச்சிருவாரு, சர்வரும் அதேதான் செய்யும்.

அதனால ரவுட்டர் பாக்கெட்ட பிரிக்கிறதில்ல, கனெக்ஷன பிரிக்குது. புதுசா ஒரு கனெக்ஷன் ஆரம்பிக்கும்போது இது எந்த லைன்னு ஒரு முடிவு எடுக்கும், அந்த கனெக்ஷன் முடியுற வரைக்கும் அதே லைன்தான். உங்க ரெண்டு ஜிபி ஃபைல் ஒரே கனெக்ஷனா போனா அதுக்கு கிடைக்கிறது ஒரு லைனோட வேகம் மட்டும்தான், அது எந்த லைனுங்கிறது அந்த நேரத்து முடிவு. ஸ்பீடு டெஸ்ட் மட்டும் ஏன் நல்லா காட்டுதுன்னா அது ஒரே நேரத்துல பல கனெக்ஷன் போட்டு அளக்கும், கொஞ்சம் இதுல கொஞ்சம் அதுலன்னு ரெண்டையும் நெரப்பி கூட்டுத்தொகைய காட்டிரும், ஆனா நிஜத்துல நீங்க அனுப்புற ஃபைலுக்கு அந்த வசதி கிடையாது.

பேங்க் சைட் வெளிய தள்ளுறதும் இதுலருந்துதான் வருது. லாகின் ஒரு லைன்ல போச்சு, அடுத்த பேஜ் இன்னொரு லைன்ல போச்சு, பேங்க் பாத்தா ஒரே ஆள் ரெண்டு நொடில ரெண்டு இடத்துலருந்து வர்ற மாதிரி இருக்கு, திருட்டோன்னு சந்தேகப்பட்டு கதவ சாத்திருது. பேங்க்க குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ரவுட்டர்ல அக்கா சிஸ்டத்த ஒரே லைன்ல கட்டிப் போட்டேன், அன்னையோட அந்தத் தொல்லை போச்சு. இதுக்குப் பேரு பாலிசி ரவுட்டிங், பெரும்பாலான ரெண்டு லைன் ரவுட்டர்ல ஏதாவது ஒரு பேர்ல இருக்கும்.

அப்புறம் வெயிட், அதாவது எந்த லைனுக்கு எத்தன பங்கு கனெக்ஷன்ங்கிற விகிதம். எங்க ரவுட்டர்ல ரெண்டு லைனுக்கும் 1:1ன்னு இருந்துச்சு, போட்டவர் அப்படியே விட்டுட்டுப் போயிருக்காரு. அப்படின்னா 200 லைனுக்கு பாதி கனெக்ஷன், 50 லைனுக்கும் பாதி கனெக்ஷன், சின்ன லைன் மூச்சு முட்டி நிக்கும், பெரிய லைன் சும்மா கிடக்கும். 4:1னு மாத்தினேன். இருந்தாலும் இது கனெக்ஷனோட எண்ணிக்கைய பாக்குற கணக்கு, எடைய பாக்குற கணக்கு இல்ல. அஞ்சுல ஒண்ணுங்கிற அந்த ஒண்ணு ரெண்டு ஜிபி ஃபைலா இருந்திருச்சுன்னா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, அதனால பெரிய ஃபைல் அனுப்புற சிஸ்டத்தையும் பெரிய லைனோட கட்டிடறதுதான் நல்லது.

இவ்வளவு பண்ணியும் பெரிய லைன் 200 தரல. இங்கதான் எல்லாரும் பண்ற தப்பு, ரெண்டு லைனும் ஓடும்போதே டெஸ்ட் பண்றது. ஒண்ண கழட்டிட்டு இன்னொண்ண மட்டும் வெச்சு அளக்கணும், அப்புறம் ரவுட்டரையும் விட்டுட்டு ஃபைபர் பெட்டில நேரா லேப்டாப்ப சொருகி அளக்கணும், வைஃபைல இல்ல, கேபிள்ல. நேரா சொருகினா 200, ரவுட்டர் வழியா வந்தா 94. அந்த 94ங்கிற நம்பர பாத்த உடனே எனக்கு விஷயம் புரிஞ்சிருச்சு, ஏன்னா 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்ல, அதாவது கேபிள் சொருகுற ஓட்டைல, ஃபைலுக்கு கிடைக்கிற உச்சம் அதுதான். வயர்ல ஒரு முழு பாக்கெட்டுக்கு இடைவெளியோட சேத்து 1538 பைட் இடம் போகும், அதுல சரக்கு 1448 பைட், மிச்சம் எல்லாம் அட்ரஸும் கட்டுமானமும், நூத்துக்கு 94 வருது. உங்க டெஸ்ட்ல 94, 95ன்னு ஒட்டிக்கிட்டு நின்னா லைன் கம்பெனிக்கு ஃபோன் போடுறதுக்கு முன்னாடி கேபிள பாருங்க.

பீரோவுக்குப் பின்னாடி போன கேபிள வெளிய இழுத்தேன். பிளக்கோட பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சிருந்துச்சு, வெளித் தோல் விலகி உள்ள இருக்குற எட்டு கம்பியும் தெரிஞ்சுது, அதுல பழுப்புக் கம்பி பிளக்குக்கு ஒரு நூல் முன்னாடி முறிஞ்சு கிடந்துச்சு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், நாலே கம்பி. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நாலு ஜோடியும் வேணும், எட்டும் உயிரோட இருக்கணும். ஒண்ணு அறுந்தாலும் நிறைய ரவுட்டர் லைன விட்டுறாது, பேசாம 100க்கு இறங்கி ஓட ஆரம்பிச்சிரும், எந்த எர்ரரும் வராது, நெட் வேலையும் செய்யும், அதனாலதான் மாசக்கணக்குல யாரும் கவனிக்கல. போர்ட் லைட்டோட கலர் மாடலுக்கு மாடல் மாறும், ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பேஜ்ல போர்ட் 1000ன்னு இருக்கா 100ன்னு இருக்கான்னு பாக்குறதுதான் நம்பிக்கையானது. புது கேபிள் போட்டதும் 200 வந்துருச்சு.

ஆனா நாலு மணி பிரச்சனை போகல. இத நான் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா ஆஃபீஸ் நெட் ஸ்லோவா இருக்குன்னு சொல்ற இடத்துல எல்லாம் பாதிக்குப் பாதி இதுதான்னு நான் நம்புறேன்.

எங்க சின்ன லைன்ல டவுன்லோட் 50, அப்லோட் 10தான். ரெண்டு ஜிபி ஃபைல் அதுல ஏறினா கிட்டத்தட்ட 27 நிமிஷம். அந்த 27 நிமிஷமும் மோடத்துக்குள்ள, அதாவது லைன் வந்து சேர்ற கம்பெனி பெட்டிக்குள்ள, ஒரு வரிசை நிக்கும், அனுப்ப முடியாத பாக்கெட் எல்லாம் தற்காலிக நினைவகத்துல, அதாவது பஃபர்ல, காத்துக்கிட்டு இருக்கும். அந்த பஃபர் 1 எம்பி இருந்தா, 10 எம்பிபிஎஸ் வேகத்துல அது காலியாக 0.8 செகண்ட் ஆகும். இப்போ அக்கா பேங்க் பட்டன அழுத்துறாங்க, அந்தச் சின்ன பாக்கெட் வரிசையோட கடைசில போய் நிக்கணும், 0.8 செகண்ட் தாமதம். டவுன்லோடும் படுத்துரும், ஏன்னா டவுன்லோட் பண்ணும்போது வந்துருச்சு வந்துருச்சுன்னு நாம திருப்பி சொல்ற சின்னப் பதில் எல்லாம் அதே அப்லோட் வரிசையிலதான் மாட்டிக்குது, பதில் வரலன்னா அந்தப் பக்கம் அனுப்பாது. சாதாரணமா 15 மில்லி செகண்ட்ல வர்ற பிங் (ஒரு சின்ன பாக்கெட் போய்த் திரும்ப ஆகுற நேரம்), ஃபைல் ஏற ஆரம்பிச்சதும் 800ஐ தாண்டிருச்சு, ஃபைல நிறுத்தினதும் பட்டுனு 15க்கு வந்துருச்சு. நீங்களும் இதே மாதிரி பிங்க ஓட விட்டுட்டு ஒரு பெரிய ஃபைல ஏத்திப் பாருங்க.

இந்த வியாதி புதுசில்ல. 1986 அக்டோபர்ல அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி லேபுக்கும் பெர்க்லி யூனிவர்சிட்டிக்கும் நடுவுல, வெறும் 400 கஜ தூரம், அந்த லிங்க்ல வேகம் நொடிக்கு 32,000 பிட்லருந்து 40 பிட்டுக்கு விழுந்துச்சு. எல்லா கம்ப்யூட்டரும் காணாமப் போச்சுன்னு திரும்பத் திரும்ப அனுப்பி அனுப்பியே நெரிசலாக்கிருச்சு. அந்த லேப்ல இருந்த வான் ஜேக்கப்சன் அத ஆராஞ்சுதான் நெரிசல் வந்தா வேகத்த குறைச்சிக்கிற பழக்கத்த டிசிபிக்கு கத்துக் குடுத்தாரு, 1988ல கட்டுரை வந்துச்சு. ஆனா அந்தப் பழக்கத்துக்கு ஒரு தேவை இருக்கு, வரிசை நிறைஞ்சா பாக்கெட் கீழ விழணும், அப்பதான் அனுப்புறவனுக்கு சேதி தெரியும். நினைவகம் விலை குறைஞ்சதும் பஃபர பெருசு பெருசா வெச்சாங்க, பாக்கெட் விழறதே இல்ல, வரிசை மட்டும் நீண்டுக்கிட்டே போச்சு. 2010 வாக்குல கம்ப்யூட்டர் எஞ்சினியர் ஜிம் கெட்டிஸ் இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேர் வெச்சாரு. 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் சேந்து கோடெல்னு ஒரு முறை குடுத்தாங்க, வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காம ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்குற முறை, 5 மில்லி செகண்டுக்கு மேல தொடர்ந்து நின்னுச்சுன்னா கீழ போட ஆரம்பிக்கும்.

நாம பண்ண வேண்டியது ரவுட்டர்ல சின்ன லைனோட அப்லோட 9 எம்பிபிஎஸ்னு கட்டுப்படுத்துறது. 10 இருக்கும்போது ஏன் 9னு அண்ணாச்சியும் கேட்டாரு. மோடத்துக்குள்ள வரிசை நின்னா நம்ம கைல ஒண்ணும் இல்ல, பத்துல ஒரு பங்க விட்டுக் குடுத்தா வரிசை நம்ம ரவுட்டருக்குள்ள வந்துரும், அங்க கோடெலோட கனெக்ஷனுக்கு ஒரு தனி வரிசை வைக்கிற எஃப்க்யூ கோடெல் போட்டு சின்ன பாக்கெட்ட முன்னாடி விடலாம். போட்டதும் ஃபைல் ஏறும்போதே பிங் 25க்குள்ள நின்னுச்சு. ஒரு விஷயம் மட்டும் கவனம், இத ஆன் பண்ணா சில சின்ன ரவுட்டர்ல வேகமா தள்ளிவிடுற ஹார்ட்வேர் வழி ஆஃப் ஆகி எல்லா பாக்கெட்டும் சிபியூ வழியா போகும், பெரிய லைன் அதுல அடிவாங்கும், அதனால சிபியூ லோட பாத்துக்கிட்டு போடுங்க.

மத்ததெல்லாம் சின்னச் சின்னது. பேஜ் ஆரம்பிக்க மூணு நாலு செகண்ட் யோசிச்சிட்டு அப்புறம் பறந்துச்சுன்னா டிஎன்எஸ்ஸ, அதாவது சைட் பேர ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்குறத, பாருங்க, ஒரு கம்பெனியோட டிஎன்எஸ் சர்வர இன்னொரு கம்பெனி லைன் வழியா கேட்டா பல நேரம் பதிலே வராது, ரெண்டு லைனுக்கும் பொதுவா 1.1.1.1 அல்லது 8.8.8.8ங்கிற டிஎன்எஸ் சர்வர போட்டுரலாம். யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு ஏறுற பிபிபிஓஇ லைன்னா பாக்கெட் அளவு 1500க்குப் பதிலா 1492, அத மாத்தலன்னா சில சைட் மட்டும் பாதில நின்னுரும். ரெண்டு மோடமும் 192.168.1.1ன்னே இருந்தா ரவுட்டர் குழம்பும், ஒண்ண மாத்துங்க. லைன் உயிரோட இருக்கான்னு ரவுட்டர் பக்கத்துல இருக்குற கேட்வேய (ரவுட்டருக்கு அடுத்த முதல் நிறுத்தம்) மட்டும் கேட்டா போதாது, அதுக்கு அந்தப் பக்கம் ஃபைபர் அறுந்திருந்தாலும் இருக்குன்னுதான் சொல்லும், வெளி அட்ரஸ் ரெண்ட கேக்க வைங்க.

கடைசியா எங்களுக்கு ஒண்ணு பாக்கி இருந்துச்சு. மழைல ரெண்டு லைனும் ஒரே நேரத்துல போயிருந்துச்சு முன்னாடி ஒரு தடவ, அப்போ யாரும் ஏன்னு கேக்கல. இந்தத் தடவ லைன்மேன் தம்பி வந்தப்போ கூடவே கீழ இறங்கிப் போய் பாத்தேன். தெரு முனைல இருக்குற தூங்குமூஞ்சி மரத்துல ரெண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே கிளைல ஒரே டேக்ல கட்டியிருந்துச்சு. "பின் சந்து வழியா இழுத்தா இன்னொரு 40 மீட்டர் கேபிள் ஆகும்ணா"ன்னு சொன்னாரு கிருஷ்ணகிரிக்காரத் தம்பி. அண்ணாச்சி மாடில இருந்தே "இழுத்துரு"ன்னாரு. இப்போ பெரிய லைன் மரத்து வழியா வருது, சின்னது ரெண்டு மொட்டை மாடி தாண்டி பின்னாடி ஜன்னல் வழியா வருது.