சர்வர் எந்த ஊரில் இருக்கிறது?

தேக்கா பக்கம் கேட்டரிங் தொழில் தொடங்கப்போகும் வாசகி ஒருவர், தன் இணையதளத்தைச் சர்வரில் (தளத்தை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினியில்) வாடகைக்கு வைக்கும் 'ஹோஸ்டிங்' பற்றிக் கேட்கிறார்: "அமெரிக்காவில் மாதம் சில வெள்ளிக்கே ஹோஸ்டிங் கிடைக்கிறது. இங்கே வாங்கினால் கூடுதல். இன்டர்நெட்டுக்கு ஏது தூரம், சர்வர் எங்கே இருந்தால் என்ன?"

தூரம் உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சிங்கப்பூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ ஏறக்குறைய 13,600 கிலோமீட்டர். போய்த் திரும்ப 136 மில்லிவிநாடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போகாததால் நடப்பில் இன்னும் கூடும். துவாஸிலும் சாங்கியிலும் எத்தனை புதுக் கேபிள்கள் கரையேறினாலும், ஒரே நேரத்தில் அதிகத் தகவல் போகுமே தவிர ஒளி வேகமாக ஓடாது.

ஒரே ஒரு முறை போய்த் திரும்பினால் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் இணையப் பக்கம் திறப்பதற்குள், போய்த் திரும்புவது பல நடை நடக்கிறது. இரு கணினிகளும் பேசத் தொடங்கும் டிசிபி இணைப்புக்கு ஒரு நடை, ரகசியக் குறியாக்கத்துக்கு இன்னொன்று. அப்புறம்தான் பக்கத்தைக் கேட்கவே முடியும். கேட்டாலும் சர்வர் மொத்தத்தையும் அனுப்பாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பந்தியில் பரிமாறத் தெரிந்தவர் எடுத்ததும் இலை நிறையக் கொட்டமாட்டார். கொஞ்சம் வைப்பார், காலியானால் அடுத்த முறை அதிகம் வைப்பார். சர்வரும் முதலில் 10 பாக்கெட் (தகவலின் சிறு துண்டுகள்), அதாவது சுமார் 14 கிலோபைட் மட்டும் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததாகத் தகவல் வரும்வரை காத்திருக்கிறது. வந்ததும் 28, பிறகு 56, பிறகு 112. பாக்கெட் வழியில் தொலைந்தால் உடனே கையைச் சுருக்கிக்கொள்ளும். உங்கள் மெனுப் பக்கம் 200 கிலோபைட் என்றால் இதற்கு நான்கு நடை. முன்பு சொன்ன இரண்டையும் சேர்த்தால் ஆறு. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆறு நடை என்றால் குறைந்தது 816 மில்லிவிநாடி. சர்வர் உள்ளூரில் இருந்தால், ஒரு நடைக்கு 5 என்று வைத்தாலும் 30தான்.

இந்தத் தயக்கம் வந்த கதை சுவையானது. 1986இல் கலிஃபோர்னியாவில், வெறும் 400 கஜ இடைவெளியில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கணினிகள் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டி, நெரிசலில் தொலைந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை இன்னும் வளர்த்தன. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் இதைத் தோண்டித் துருவி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அனுப்பும் இந்த மருந்தை 1988இல் வெளியிட்டார்கள். அரசு ஆய்வுக்கூடத்தில் பிறந்த வேலை இது. உடனடி லாபம் என்ன என்று கேட்டே நிதி ஒதுக்குகிறவர்கள் இதை ஒரு முறை படிக்கலாம்.

தளத்தின் நகல்களைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்துத் தரும் சிடிஎன் சேவையை வாங்கினால் போதாதா? படங்களுக்குப் போதும், அவற்றின் நகலை அது பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் ஆர்டரும் பணம் கட்டுவதும் பெரும்பாலும் நீங்கள் வாடகைக்கு எடுத்த மூல சர்வர்வரை போயே ஆக வேண்டும். ஆகவே உங்கள் வாடிக்கையாளர்கள் உட்லண்ட்ஸிலும் ஈசூனிலும் இருந்தால் சர்வரும் இந்தத் தீவிலேயே இருக்கட்டும். இங்கே நிலமும் மின்சாரமும் மலிவில்லை. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்களே இழுத்தன. அதனால் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்பார்கள்.

மற்றவை சீக்கிரம்: 'அன்லிமிடெட்' என்பதை நம்பாதீர்கள், ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கு போடுகின்றன. பேக்கப் எடுக்கிறார்களா என்பதோடு, அதை மீட்டுத் தர எவ்வளவு நேரமாகும் என்றும் கேளுங்கள். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, உங்கள் பெயரிலேயே பதிவாகட்டும். நியூமராலஜிக்காக அதில் ஓர் எழுத்தைக் கூட்டாதீர்கள். தட்டச்சு செய்பவர் அந்த எழுத்தை விட்டுவிட்டு வேறு யாருடைய கடைக்கோ போய்விடுவார்.

விற்பவரின் அலுவலகம் சிங்கப்பூரில் இருப்பதால் சர்வரும் இங்கே இருக்கும் என்றில்லை. சிடிஎன் குறுக்கே வராத ஒரு சோதனை முகவரியைக் கேட்டு வாங்கி, வீட்டு பிராட்பேண்டிலிருந்து பிங் (ஒரு நடைக்கு ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) செய்து பாருங்கள். 150 மில்லிவிநாடிக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.