ஃப்ளூவின் பழியைச் சுமந்த பாக்டீரியா

1892இல் பெர்லினில் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற நுண்ணுயிரியலாளர் இன்ஃப்ளூயன்சாவுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். நோயாளிகளின் சளியில் அவர் கண்டது மிகச் சிறிய கோல் வடிவ பாக்டீரியா ஒன்று. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் சீடர் அவர். அப்படிப்பட்டவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? அந்தக் கிருமிக்கு ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றுவரை அதுதான் பெயர், ஃப்ளூவை அது உண்டாக்குவதில்லை என்று தெரிந்த பிறகும்.

1918 ஃப்ளூ பெருந்தொற்றின்போது உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தக் கிருமியைத் தேடின. சில இடங்களில் அகப்பட்டது, பல இடங்களில் அகப்படவில்லை. கிடைக்காதவர்களில் பலர் ஃபைஃபரைச் சந்தேகிக்கவில்லை, தங்கள் கைத்திறனைத்தான் சந்தேகித்தார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. இரத்தத்தில் உள்ள இரண்டு பொருட்கள் கிடைத்தால்தான் வளரும் பிடிவாதக்காரக் கிருமி அது. தட்டில் மற்ற பாக்டீரியாக்கள் மண்டினால் கண்ணுக்கே தெரியாது. அதைத் தனியே பிரித்தெடுக்கும் தொல்லை பத்தாண்டு கழித்தும் தீரவில்லை. பெனிசிலினைப் பற்றி 1929இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் எழுதிய முதல் கட்டுரையின் தலைப்பே, இந்தக் கிருமியைப் பிரித்தெடுக்க அது எப்படி உதவும் என்பதைக் குறிப்பிடுகிறது. பெனிசிலின் மற்றவற்றை ஒழித்துக்கட்டும், இதை விட்டுவிடும். நூற்றாண்டின் மாமருந்து முதலில் ஆய்வகக் களைக்கொல்லியாகத்தான் பயன்பட்டது!

முடிச்சை அவிழ்த்தவை பன்றிகள். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் நிறுவனக் கிளையில் ரிச்சர்ட் ஷோப் பன்றிகளுக்கு வரும் ஃப்ளூவை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயுற்ற பன்றியின் மூச்சுப்பாதைக் கசிவை, பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் நுண்வடிகட்டியில் வடித்து, நல்ல பன்றிக்குக் கொடுத்தார். லேசான காய்ச்சல் வந்து போனது. ஃபைஃபரின் கிருமிக்கு நெருங்கிய உறவான பாக்டீரியாவை மட்டும் கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பன்றிகள் கடுமையாக நோயுற்றன, நுரையீரல் நிமோனியாவால் இறுகியது. இந்த முடிவுகள் 1931இல் வெளியாயின. இரண்டே ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் மனிதத் தொண்டை நீரை இதேபோல் வடிகட்டி, ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்குகளின் மூக்கில் விட்டு, மனித இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஃப்ளூ வைரஸால் வருவது என்பது அத்தோடு முடிவானது. ஷோப் கண்ட இன்னொரு பாதிதான், அதாவது இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான், எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது.

சரி, ஏன் சேர்ந்தால் மட்டும் அவ்வளவு கடுமை?

மூச்சுக்குழாயின் உள்சுவரில் உள்ள செல்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத குறுமயிர்கள் உண்டு. அவற்றின் மேல் மெல்லிய சளிப் படலம். மயிர்கள் ஒரே திசையில் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்கு மேலேற்றிக்கொண்டே இருக்கும். நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுகிறோம், மீதியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். இன்ஃப்ளூயன்சா வைரஸ் இந்தச் செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பெருகி வெளியேறும்போது அதே சர்க்கரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், நியூராமினிடேஸ் என்ற நொதியால் அதை அறுத்துக்கொண்டு போகிறது. செல் சாகிறது, குறுமயிர்களும் போகின்றன, சளி தேங்குகிறது.

அறுபட்ட இடத்தில் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ள வாகான பரப்பு வெளிப்படுகிறது. அறுபட்ட சர்க்கரையே அவற்றுக்குத் தீனியாகவும் ஆகிறது. இன்னொரு வினோதம், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான்கள், பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுக்களை மந்தப்படுத்துவது எலிகளில் தெரியவந்திருக்கிறது. வைரஸ் உழுது போட்ட நிலத்தில் பாக்டீரியா விதைக்கிறது. காய்ச்சல் இறங்கித் தேறி வந்த நோயாளிக்குச் சில நாளில் மறுபடி குளிர்காய்ச்சலும் நெஞ்சுவலியும் துருநிறச் சளியும் வந்தால் மருத்துவர் உஷாராவது இதனால்தான்.

1918இல் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மறுபடி சோதித்து, பழைய பிணப்பரிசோதனைக் குறிப்புகளோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான மரணங்களில் பாக்டீரியா நிமோனியா இருந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்ததாக மதிப்பிடப்படும் அந்தத் தொற்று, ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் வந்தது.

இதைப் படித்துவிட்டு அடுத்த ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம். ஜலதோஷத்தின் முக்கியக் காரணமான ரைனோவைரஸ் உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த மூக்கில் நன்றாகப் பெருகும், உள்சுவரை இன்ஃப்ளூயன்சா அளவுக்குச் சிதைக்காது, தானே அடங்கும். ஆன்டிபயாடிக்குகள் தாக்குவது பாக்டீரியாவின் செல் சுவர் போன்ற உறுப்புகளை, வைரஸுக்கு அவை கிடையாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பாக்டீரியா என்பதும் பொய். அந்தப் பச்சை நம் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் தொற்றிலும் அது வரும்.

அப்படியானால் எப்போது பாக்டீரியா சேர்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபைஃபர் மாட்டிக்கொண்ட இடமே இதுதான். மூக்கிலோ சளியிலோ ஒரு கிருமி கிடைத்தால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகாது. ஆரோக்கியமான குழந்தைகள் பலரின் மூக்கில் நிமோகாக்கஸ் சும்மா குடியிருக்கிறது. நுரையீரலின் அடியிலிருந்து மாதிரி எடுப்பதும் எளிதல்ல. அமெரிக்காவில் நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை நவீனச் சோதனைகளால் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். கிருமி பிடிபட்டது 38 சதவீதம் பேரிடம் மட்டுமே. அதிலும் அதிகம் கிடைத்தது ரைனோவைரஸ்! அது அங்கே நோய் செய்ததா, சும்மா இருந்ததா என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

ஃபைஃபரின் கிருமிக்கும் தனிக் குற்றங்கள் உண்டு. அதன் பி வகை சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் தரும். அதற்கெதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும்தான்.

நிமோகாக்கஸுக்கான தடுப்பூசியோ எதிர்பாராத ஒரு தகவலைத் தந்தது. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு அதைப் போட்டுப் பார்த்தபோது, வைரஸ் கண்டறியப்பட்ட நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்வது 31 சதவீதம் குறைந்தது என்று 2004இல் தெரியவந்தது. அந்தத் தடுப்பூசி எந்த வைரஸையும் தொடாது. ஆக, சோதனையில் வைரஸ் என்று மட்டும் எழுதப்பட்ட அந்தக் குழந்தைகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு அருகில், நுரையீரலில் நிமோகாக்கஸும் இருந்திருக்கிறது, எந்தப் பரிசோதனையிலும் அகப்படாமல்.