வாசக்டமிக்கும் நெல் மூட்டைக்கும் என்ன பகை?

டெல்டாவில் இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டில் "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று கேட்டால் அது தாய்க்குக் கருத்தடை செய்தாயிற்றா என்ற கேள்விதான். "அவருக்குப் பண்ணலாமே" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் மாமியார், நாத்தனார், ஏன், அந்தப் பெண்ணேகூட பதறிப்போவார்: "ஐயோ, மூட்டை தூக்குற மனுஷன், தெம்பு போயிடும்!" நாள் முழுக்க குனிந்தபடி நாற்று நடுகிறவளின் தெம்பைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழாது. சரி, தெம்பு எங்கிருந்து வருகிறது, வாசக்டமி என்கிற ஆண் கருத்தடை அறுவையில் எதை வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

விந்தகம் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று விந்தணு தயாரிப்பது, இன்னொன்று டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பது. தசை, மீசை, குரல், ஆசை எல்லாம் இந்த இரண்டாவதைச் சேர்ந்தவை, அது விந்தகத்திலிருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. விந்தணு போகும் பாதை தனி, விந்து நாளம் என்ற மெல்லிய குழாய். வாசக்டமியில் வெட்டி அடைப்பது இந்தக் குழாயை மட்டும்தான், ரத்த ஓட்டத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியேறும் விந்தில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியும் அதை ஒட்டிய விந்துப்பைகளும் சுரக்கும் திரவம், விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம். அதனால் அளவிலும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே விந்தணு உற்பத்தி நடந்துகொண்டேதான் இருக்கும், வெளியே போகாததை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் பலர் கோட்டை விடுகிறார்கள். மதகை மூடிய பிறகும் கீழே வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் வடிய நாளாகும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்: வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே போய்விட்ட விந்தணுக்கள் தீர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம், அப்புறம் விந்துப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான் கணக்கு முடிந்தது. "ஆபரேஷன் பண்ணியும் கர்ப்பம்" என்று ஊரில் ஒரு கதை ஓடினால், அவசரப்பட்டதுதானா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இங்கே ஆண்கள்தான் அதிகமாகச் செய்துகொண்டார்கள். இந்தியா 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது, சென்னை மாகாணம் 1950-களிலேயே வாசக்டமிக்கு ஊக்கத்தொகை கொடுத்தது, 1960-களில் நாட்டில் நடந்த கருத்தடை அறுவைகளில் பெரும்பாலானவை ஆண்களுக்குத்தான். அதைக் கெடுத்தது நெருக்கடி நிலை. 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள், அதிலும் வடக்கே பல இடங்களில் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் செய்தது, இதெல்லாம் சேர்ந்ததில் அடுத்து வந்த அரசுகளுக்கு வாசக்டமி என்ற சொல்லே ஆகாததாகிவிட்டது. சுமை அப்படியே பெண்கள் பக்கம் நகர்ந்தது. கருத்தடை பெண் விடுதலைக்காகவே வேண்டும் என்று 1930-களில் 'குடிஅரசு'வில் எழுதிய பெரியார் மண்ணில் இன்று நிலவரம் இது: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள், ஆண் பக்கம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டியே செய்துவிட உடற்கூறு சார்ந்த காரணமும் உண்டு. அந்த நாட்களில் கருப்பை இன்னும் பெரிதாகத் தொப்புள் உயரத்தில் இருக்கும், கருக்குழாய்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறினால் போதும். ஆள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறார், இன்னொரு முறை வர வேண்டியதில்லை. எனக்கென்னவோ, வசதியாக இருப்பதுதான் வழக்கமாகிவிட்டது என்று படுகிறது. என்னதான் சின்னக் கீறல் என்றாலும் அது வயிற்றைத் திறக்கும் அறுவை, பேறுகாலத்தில் ரத்தம் இழந்த உடம்பில்.

ஆணுக்கோ வயிற்றைத் தொடவே வேண்டாம். 1974-இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் கத்தியில்லாத முறையைக் கொண்டுவந்தார், இங்கே ஆஸ்பத்திரிகளில் என்எஸ்வி என்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கூர்முனைக் கருவியால் தோலில் சிறு துளை போட்டு, குழாயை வெளியே எடுத்து அடைத்துவிட்டு உள்ளே விடுவார்கள். தையல்கூட வேண்டாம். கால் மணி, அரை மணியில் முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் சைக்கிளும் பளுவும் கூடாது, அவ்வளவே.

அரசே வாசக்டமிக்கென்று ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இரண்டு வாரம் ஒதுக்குகிறது. டெல்டாவில் அப்போது சம்பா பயிர் வயலில் நிற்கும், அறுவடைக்குத் தை பிறக்க வேண்டும், மூட்டை தூக்கும் வேலையும் அதற்கப்புறம்தான். விவரம் வேண்டுமென்றால் ஊர் நர்ஸம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம், அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம்.